எண்ணிக் கணியமும் காவிக் கணியமும்

பருமனைச் சொன்னாலே முழுமை பெறும் பௌதிகக் கணியம் எண்ணிக் கணியம். தமிழ்நாட்டில் ஸ்கேலர் என்பார்கள். திணிவு, நேரம், வெப்பநிலை, சக்தி இவ்வகையின. பருமனோடு திசையும் கொண்டு, இணைகர விதிப்படி கூட்டப்படுவது காவிக் கணியம், அதாவது வெக்டர். இடப்பெயர்ச்சி, வேகம், ஆர்முடுகல், விசை ஆகியன காவிகள்.

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ1 வீதி, பேராதனையில் மகாவலியைக் கடந்து வளைந்து வளைந்து சுமார் 11 கிலோமீற்றர் ஓடுகிறது. நேர்கோட்டில் கண்டி ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கிழக்கே இருக்கிறது. பஸ் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரிக் கதி மணிக்கு 22 கிலோமீற்றர். சராசரி வேகமோ கிழக்கு நோக்கி 18. அதே பஸ்ஸில் திரும்பி வந்தவர் கடந்த தூரம் 22 கிலோமீற்றர், இடப்பெயர்ச்சி பூச்சியம்.

வரலாற்றில் பெயருக்கு முன்பே கூட்டல் வந்துவிட்டது. ஒல்லாந்தில் சைமன் ஸ்டெவின் 1586இல் வெளியிட்ட நிலையியல் நூலில், சாய்தளத்தின் மேல் போட்ட குண்டுமாலை ஏன் தானாகச் சுழல்வதில்லை என்று கேட்டு, சாய்வான விசைகளின் சமநிலையைக் கண்டறிந்தார். 1687இல் நியூற்றன் விசைகளின் இணைகரத்தைத் தம் இயக்க விதிகளின் முதல் கிளைத்தேற்றமாக வைத்தார். பெயர்களைத் தந்தவர் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் ரோவன் ஹமில்ற்றன். 1843 ஒக்ரோபர் 16இல் அவர் கண்டுபிடித்த குவாட்டர்னியன் எண்ணுக்கு நான்கு கூறுகள். ஒன்றை ஸ்கேலர் என்றும் மற்ற மூன்றையும் சேர்த்து வெக்டர் என்றும் அழைத்தார். அந்தச் சிக்கலான கருவியிலிருந்து காவிகளை மட்டும் பிரித்தெடுத்தவர்கள் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும். கிப்ஸின் விரிவுரைகளைக் கொண்டு எட்வின் வில்சன் 1901இல் எழுதிய பாடநூலே இன்றைய வகுப்பறை முறைக்கு மூலம்.

இத்துறைக்கு இலங்கைத் தமிழரின் பங்களிப்பும் உண்டு. கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. ஜே. எலியேசர், காவிப் பகுப்பாய்வு பற்றி எழுதிய சுருக்கமான ஆங்கிலப் பாடநூல் 1963இல் வெளிவந்தது.

‘திசை இருந்தால் காவி’ என்று மனனம் செய்வது மாணவர்களைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. மின்னோட்டத்துக்கும் திசை உண்டு; ஆனாலும் அது எண்ணிக் கணியம். 3 அம்பியரும் 4 அம்பியரும் ஒரு சந்தியில் சேர்ந்தால், கம்பிகளுக்கு இடையே எந்தக் கோணம் இருந்தாலும், வெளியேறுவது 7 அம்பியர். செங்கோணத்தில் இழுக்கும் 3 நியூற்றன், 4 நியூற்றன் விசைகளின் விளையுளோ 5 நியூற்றன்.