காங்கேசன்துறையில் இட்ட மூலதனம்

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அந்நிய மூலதனம் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களையே பெரிதும் நாடிற்று. யாழ்ப்பாணத்துக் கற்றரையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமையும் 1948இல் சுதந்திரமும் வந்தபின், அங்கே பணமிட முன்வந்தது மக்கள் வாக்கால் அமைந்த அரசே. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை எழுந்தது. சுண்ணாம்புக்கல் காலடியிலேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. கந்தோர் உத்தியோகமே கதியென்றிருந்த நம் குடாநாட்டுக்கு இயந்திரத் தொழிலும் ஒரு சீவனமாயிற்று. அது சிறு பேறன்று. ஆயினும், ஆலைக்கென அகழ்ந்த அந்தக் கல்லே நம் கிணறுகளுக்கு மழைநீரைத் தேக்கித் தரும் கல். அதன் விலையை எந்தக் கணக்கேட்டில், எவர் பேரில் எழுதுவது? 1990இல் போரினால் ஆலை ஓய்ந்தது. கல் அகழ்ந்த பெருங்குழிகள் எஞ்சியுள்ளன.