சிறு கல்லூரிகளும் கணினி அறிவியலும்

அமெரிக்கக் கல்வி மரபில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி எனப்படுவது, இளநிலைப் பட்டப்படிப்பையே முதன்மையாகக் கொண்டு, மாணவரை ஒரே தொழிலுக்கெனப் பயிற்றாமல் இலக்கியம், மெய்யியல், கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவற்றைச் சேர்த்துப் பயில வைக்கும் நிறுவனமாகும். ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்கு வாய்த்த பெரும் பொறிகளும் ஆசிரியர் படையும் இவற்றுக்கு வாய்க்கவில்லை. இக்கல்லூரிகளில் கணினி அறிவியல் எந்த வடிவில் வேரூன்றும் என்பதைப் பெரிதும் தீர்மானித்ததும் அந்த வசதிக் குறைவேயாகும்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டார்ட்மவுத் கல்லூரியில் 1950களின் பிற்பகுதியில் கணினி இல்லாததால், கணிதப் பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸ், கட்டளைகளைத் துளைகளாகப் பதித்த அட்டைகளை ரயிலில் பாஸ்டனுக்குக் கொண்டுசென்று எம்ஐடியின் பொறியில் இயக்கிவந்தார். 1959இல் எல்ஜிபி-30 என்னும் சிறு கணினி வாங்கப்பட்டபோதும், ஒரு நேரத்தில் ஒருவரே அதைக் கையாள முடிந்தது. மாணவர்களில் பெரும்பான்மையினர் அறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்காதவர்கள் என்பதையும், பிற்காலத்தில் அரசையும் வணிகத்தையும் நடத்தப்போகிறவர்கள் அவர்களே என்பதையும் எண்ணிய கர்ட்ஸும், ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜான் கெமனியும், நூலகத்தில் நூல் எடுப்பதுபோல் எந்த மாணவரும் கணினியை அணுக வேண்டும் என்று கருதினர். ஒரே கணினி தன் நேரத்தை நுண்ணிய கூறுகளாக்கிப் பலருக்கு மாறிமாறி அளிப்பதால் ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரியதுபோல் தோன்றும் நேரப்பகிர்வு முறையும், தொடக்கநிலை மாணவரும் சில மணி நேரத்தில் கற்கத்தக்க பேசிக் என்னும் நிரல்மொழியும் இவ்வெண்ணத்திலிருந்து பிறந்தன. 1964 மே 1 அன்று அதிகாலை 4 மணியளவில் முதல் பேசிக் நிரல்கள் இயங்கின. நேரப்பகிர்வுக்குத் தேவையான மென்பொருளை எழுதியவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள் என்பது, அக்கல்லூரியில் கணினி யாருக்காக இருந்தது என்பதைத் தெளிவாக்குகிறது.

அடுத்த ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கணினி அறிவியலில் முனைவரான முதல் அமெரிக்கப் பெண்ணாகிய கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி மேரி கென்னத் கெல்லர், பெரிய ஆய்வகம் எதையும் நாடாமல், அயோவா மாநிலத்து டபியூக் நகரில் அப்போது மகளிர்க்கென இயங்கிய கிளார்க் கல்லூரியில் கணினி அறிவியல் துறையை நிறுவி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதற்குத் தலைமை வகித்தார்.

எனினும், கணினியைப் பயன்படுத்தக் கற்பிப்பதும் கணினி அறிவியலை ஒரு முழுப் பட்டப்படிப்பாக நடத்துவதும் ஒன்றல்ல. கணினி வல்லுநர் சங்கமாகிய ஏசிஎம் 1968இலும் 1978இலும் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டங்களை நிறைவேற்றுவது இரண்டு மூன்று ஆசிரியர்களே உள்ள கல்லூரிக்கு அரிதாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மாணவர் சேர்க்கை பெருகி, முனைவர் பட்டம் பெற்றோரைத் தொழில் நிறுவனங்கள் ஈர்த்துக்கொண்டபோது, பல இடங்களில் கணித ஆசிரியர்களே புதிதாகப் பயின்று வகுப்பெடுக்க நேர்ந்தது. இச்சூழலில் 1986இல் நார்மன் கிப்ஸும் ஆலன் டக்கரும் இக்கல்லூரிகளுக்கென வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பாடங்களின் எண்ணிக்கையைச் சுருக்கியதே தவிர ஆழத்தைக் குறைக்கவில்லை. இரண்டு அறிமுகப் பாடங்களுக்கு மேல், கணினியின் உள்ளமைப்பு, சிக்கலைத் தீர்க்கும் படிமுறைகளின் ஆய்வு, எவற்றைக் கணிக்க இயலும் எவற்றை இயலாது என்று வரையறுக்கும் கணிமைக் கோட்பாடு, நிரல்மொழிகளின் பொதுக் கொள்கைகள் ஆகிய நான்கையும் அது மையமாக்கி, தனித்தனிப் பொருள்களை ஆராயும் பிரிநிலைக் கணிதத்தை அவற்றுக்கு அடித்தளமாக வைத்தது.

இத்தேர்வுக்கு விலையும் உண்டு: பெரிய பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கும் சிறப்பு விருப்பப்பாடங்கள் பல இக்கல்லூரி மாணவருக்குக் கிடைப்பதில்லை. ஆயினும், எல்லாவற்றையும் கற்பிக்க இயலாத துறை எதை விட்டால் படிப்பே சிதையும் என்று ஆராய்ந்தாக வேண்டும். அவ்வாய்வின் பயனாகவே, சந்தையோடு மாறிக்கொண்டிருக்கும் மொழிகளையும் கருவிகளையும் விட, அவற்றுக்கு அடியிலுள்ள கொள்கைகள் இக்கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் முதலிடம் பெற்றன.