வீடு விற்பனையும் முத்திரைத் தீர்வையும்

வரி என்றதும் வாயிலில் வந்து நிற்கும் தண்டலாளரின் உருவமே பலருக்கு நினைவில் எழும். ஆனால், வீடு கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வைக்கு அத்தகைய தண்டலாளர் தேவைப்படவில்லை. மக்கள் தாமே தேடிச் சென்று கட்டும் வரி அது. அவ்வாறு அமைந்ததன் காரணத்தை அதன் வரலாறே விளக்கும்.

ஸ்பெயினுடன் போர் நடந்துகொண்டிருந்த 1624ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டில் இத்தீர்வை ஏற்பட்டது. பத்திரங்கள் அரசு முத்திரையிட்ட தாளில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. எழுபது ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தும் அவ்வழியைப் பின்பற்றியது. மூன்றாம் வில்லியம் மன்னரும் மேரி அரசியும் ஆண்ட 1694ஆம் ஆண்டில், பிரான்சுடன் நடந்த போரின் செலவுக்காக, நான்கே ஆண்டுகளுக்கென்று அது விதிக்கப்பட்டது. போர் 1697இல் முடிந்தது, தீர்வையோ முடியவில்லை. 1808ஆம் ஆண்டு முதல், வீடு நிலங்களை விற்கும் பத்திரங்களுக்கு விலைக்கேற்பத் தீர்வை கணக்கிடப்பட்டது.

இவ்வரியின் வலிமை எங்குள்ளது? முத்திரையில்லாப் பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. தீர்வையையும் தண்டத்தையும் கட்டிய பின்னரே அது சான்றாகும். தன் வீடு தனதே என்று நிலைநாட்ட விரும்புவோர் கட்டாமல் இருக்க முடியுமா? மலேசியாவின் 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்திலும் சிங்கப்பூர்ச் சட்டத்திலும் இந்த விதி இன்றும் உள்ளது.

சட்டப்படி இத்தீர்வையைக் கட்டுபவர் பெரும்பாலும் வாங்குபவரே. எனினும், உண்மையான சுமை யார்மேல் விழுகிறது என்ற வினாவை ஆடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். நிலத்தை விற்பவர் பெரும்பாலும் நெருக்கடியினால் விற்கிறார். கிடைத்த விலையை ஏற்கிறார். வாங்குபவருக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. தீர்வையாகப் போகும் தொகையை அவர் விலையிலேயே குறைத்துவிடுகிறார். ஆகவே, சுமை இல்லாதவர்மேலேயே சாய்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

பிற்காலத்தில் விற்பவரிடமே நேராக வாங்கும் வரிகளும் எழுந்தன. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையில் கிடைக்கும் ஆதாயத்தின்மேல் வரி விதித்தது. ஆதாயம் இல்லையெனில் வரியும் இல்லை. சிங்கப்பூரில் 2010 பிப்ரவரியில், குடியிருப்பு வீட்டை வாங்கிய சிறிது காலத்திலேயே விற்பவருக்கெனத் தனித் தீர்வை ஏற்பட்டது. ஊக வாணிகத்தைத் தடுப்பது அதன் நோக்கம். ஆயின், அது ஆதாயத்தின்மேல் அன்று, வீட்டின் விலைமேல் கணக்கிடப்படுகிறது. நட்டத்திற்கு விற்றவரும் அதற்கு உட்பட்டவரே.

ஊகத்திற்காக விற்பவரையும் இல்லாமையால் விற்பவரையும் முத்திரை பிரித்தறிவதில்லை. வீட்டின் விலை அல்லது மதிப்பையே அது காணும். எனவே, வீட்டுக்கு விலை பேசுமுன் தீர்வையின் கணக்கைப் பார்த்துக்கொள்வது விற்போர் வாங்குவோர் இருவருக்கும் நன்று.