பின் சீட்டில் ஒரு தலை

 கொஞ்சம் நீளமான பதிவு இது. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப குரூப்பில் நடந்த சண்டையை உறவுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குமணன்சாவடியில் ஹெல்மெட் இல்லாமல் போனதற்காக என் தம்பி மகனுக்கு 1000 ரூபாய் ஃபைன். அதைப் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிட்டு, "தலை என்னுடையது. அடிபட்டால் எனக்குத்தான் வலிக்கும். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தான். சிலர் கைதட்டினார்கள், சிலர் திட்டினார்கள். நான் மூன்று முறை பதில் டைப் பண்ணி மூன்று முறையும் அழித்துவிட்டேன். இரண்டு வரியில் அடங்கும் பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் கேட்ட கேள்விதான். 1859ல் இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற அறிஞர் சுதந்திரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரு மனிதனை அவன் விருப்பத்துக்கு மாறாகத் தடுக்க வேண்டுமென்றால், அடுத்தவருக்குத் தீங்கு வராமல் காப்பதற்காக மட்டும்தான் தடுக்கலாம். 'உன் நல்லதுக்குத்தான்' என்பது போதுமான காரணம் ஆகாது. அவர் வாதத்தின் சாரம் இதுதான். ஓர் உதாரணமும் தருகிறார். இடிந்து விழப்போகிற பாலத்தில் ஒருவன் ஏறப்போகிறான், எச்சரிக்க நேரம் இல்லை என்றால் அவனைப் பிடித்து இழுக்கலாம். ஏனென்றால் ஆற்றில் விழுவது அவன் விருப்பம் இல்லை. ஆனால் ஆபத்து தெரிந்தே ஒருவன் ஏறுகிறான் என்றால்? எச்சரிக்கலாம், பலவந்தமாகத் தடுக்கக் கூடாது என்கிறார். ஆக, என் தம்பி மகன் மில் பக்கம் நிற்கிறான்.

(இந்த மில் முப்பது வருடத்துக்கு மேல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இந்தச் சுதந்திரம் 'முன்னேறாத' சமுதாயங்களுக்குப் பொருந்தாது என்றும் அதே புத்தகத்தில் எழுதிவைத்தார். அதை ஒரு ஓரமாக வைப்போம்.)

ஹெல்மெட் வந்த கதையும் இங்கிலாந்தில்தான் தொடங்குகிறது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகமே கொண்டாடிய டி. இ. லாரன்ஸ் பெரிய மோட்டார் சைக்கிள் பைத்தியம். 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு பையன்களுக்காக வண்டியைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயம் ஆக்கியது. பொதுமக்களுக்கு அங்கே 1973ல்தான் சட்டம் வந்தது.

சட்டம் வந்ததும் எதிர்ப்பும் வந்தது. அதில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நம்ம ஆள், ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். பெயர் ஃபிரெட் ஹில். யுத்தத்தில் ராணுவத்துக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். ஹெல்மெட் போட மாட்டேன் என்று வெறுந்தொப்பியோடு ஓட்டினார். ஃபைன் கட்ட மாட்டேன் என்றார். திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். 1984ல், 74 வயதில், லண்டன் பென்டன்வில் சிறையில் இருக்கும்போதே இறந்தார். அவர் கருத்து எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த மனிதரை என்னால் கேலி செய்ய முடியாது. தன் தலைக்காகக் கேட்டார், அதற்கான விலையையும் தானே கொடுத்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1939ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட் கிடையாது. 1977ல் நடந்த திருத்தத்தில்தான் 85ஏ என்ற பிரிவாக உள்ளே வந்தது. ஆந்திரா அதற்கு விதி போட்டபோது, 'என் நடமாட்டச் சுதந்திரம் போகிறது' என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அஜய் கானு வழக்கு, 1988. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஹெல்மெட் ஒருவர் போக்குவரத்தைத் தடுக்கவில்லை, பத்திரமாகப் போக உதவுகிறது என்று விதியை உறுதி செய்தது. அதே 1988ல் வந்த புதிய சட்டத்தில் 129வது பிரிவு. ஓட்டுகிறவர், பின்னால் உட்கார்கிறவர் இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும். டர்பன் கட்டிய சீக்கியருக்கு விலக்கு.

இருவருக்கும். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் வரும்.

தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அறிவித்தார்கள். காட்டுப்பாக்கம் ஊராட்சிதான் என்றாலும், எல்லோருக்கும் வேலை போரூர் பக்கமோ அம்பத்தூர் பக்கமோதானே. மே மாதம் கடைகளில் கூட்டம். நடைபாதையில் குவித்துவைத்து விற்றார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. ஏழைகள் எங்கே போவார்கள், வெயிலில் தலை வெந்துவிடும், போலீஸுக்கு வசூலுக்கு ஒரு வழி என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். 'இவ்வளவு பெரிய கொண்டையையும் பூவையும் வைத்துக்கொண்டு அதை எப்படி மாட்டுவது?' என்று கேட்டது நான். அறையே சிரித்தது.

ஒன்று கவனியுங்கள். எங்களில் யாரும் மில் பேசவில்லை. நாங்கள் பேசியது காசு, வெயில், போலீஸ், பூ. அதில் போலீஸ் பயம் பொய்யும் இல்லை. மாதக் கடைசியில் ரோட்டு ஓரம் ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த அவமானம் தெரியும்.

சில நாட்களிலேயே அரசு இறங்கி வந்தது. கெடுபிடி குறைந்தது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும், வாங்கியதை ஏன் வீணாக்க வேண்டும் என்று போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் இருந்தது ஒரே ஹெல்மெட். இரண்டாவது வாங்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பெண்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டார்களே, நல்லவேளை என்று நானே சொன்னேன்.

அதே 2007 டிசம்பர் 15ல் வியட்நாம் இதே சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவும் நம்மைப் போல் டூ வீலர் நிறைந்த நாடுதான், வெயிலும் குறைவில்லை. அவர்கள் பின்வாங்கவில்லை. சீக்கிரமே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் போட ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை இருந்தது. குழந்தைகளுக்கு ஃபைன் போட வழி இல்லை. அப்பா, அம்மா தலையில் ஹெல்மெட், நடுவில் பிள்ளை வெறுந்தலையோடு. 2010ல்தான் பெரியவர்களைப் பொறுப்பாக்கி அதைச் சரிசெய்தார்கள்.

டெல்லியில் இன்னொரு விதம். சீக்கியப் பெண்களுக்குக் கட்டாயம் கூடாது என்று அமைப்புகள் எதிர்த்தன. ஒரு பெண்ணை நிறுத்தி நீ எந்த மதம் என்று கேட்க முடியுமா? அதனால் 1999ல் எல்லாப் பெண்களுக்குமே, போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்று ஆக்கிவிட்டார்கள். நாட்டின் தலைநகரத்தில் 2014 வரை அதுதான் விதி. இதைச் சலுகை என்றார்கள். யோசித்துப் பாருங்கள், மண்டை ஓட்டின் கனத்தில் ஆண், பெண் என்று என்ன சலுகை?

இனி என் கதை. 2009, ஐப்பசி மழை. பூந்தமல்லியில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பட்டுப்புடவை, வழக்கம்போல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். மடியில் தாம்பூலப் பை. காட்டுப்பாக்கம் நெருங்கும்போது ரோட்டில் எதற்கோ தோண்டி மூடாமல் விட்ட பள்ளம். தண்ணீர் நின்றதால் தெரியவில்லை. வண்டி இருபது, இருபத்தைந்துக்கு மேல் போயிருக்காது. அவர் வண்டியோடு சரிந்தார். கையில் சிராய்ப்பு, ஹெல்மெட்டில் ஒரு கீறல். நான் பின்பக்கமாக விழுந்தேன். பின்மண்டையில் ஏழு தையல். அடுத்த இரண்டு நாள் என் வாழ்க்கையில் இல்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எதுவும் இன்றுவரை ஞாபகம் வரவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்தபோது எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கீறல் விழுந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை.

பல நாள் கழித்துக் கேட்டார், "பள்ளத்தை மூடத் தெரியாதவர்கள் நம்மைத் தலையை மூடச் சொல்கிறார்களே?" நியாயமான கேள்வி. இன்றும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரோட்டைச் சரியாக வைக்காத அரசாங்கத்துக்கு ஃபைன் போடும் தகுதி பாதிதான். ஆனால் பள்ளம் மூடப்படும் வரை மண்டை காத்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2015 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஜூலை 1 முதல் ஓட்டுகிறவரோடு பின்னால் இருப்பவரும் போட்டே ஆக வேண்டும் என்றது. மறுபடியும் கடைகளில் வரிசை, விலை ஏற்றம். மதுரையில் வழக்கறிஞர்களே எதிர்த்து ஊர்வலம் போனார்கள். 2019ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று தெளிவாக எழுதினார்கள். 2022 மே 23 முதல் சென்னை போலீஸ் பின் சீட்டையும் கவனிக்கத் தொடங்கியது. அந்த அக்டோபரில் தமிழ்நாட்டில் 100 ரூபாய் ஃபைன் 1000 ஆனது. 1988ல் எழுதிய 'இருவருக்கும்' என்ற சொல் ரோட்டுக்கு வந்துசேர 34 வருடம்.

அந்த 2022ம் வருடக் கணக்கைப் பாருங்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. சாலை விபத்தில் இறந்தவர்கள் நாடு முழுக்க 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029. இதில் ஓட்டியவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337.

ஹெல்மெட் போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008ல் வந்த காக்ரேன் அறிக்கை, ஹெல்மெட்டால் இறப்பு சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்கிறது. மிச்சம் வேகத்திலும் ரோட்டிலும் குடியிலும் இருக்கிறது. ஆனாலும் அந்த 14,337ஐ என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள் இல்லை. பிரேக் அவர்கள் காலில் இல்லை. பள்ளம் வருவது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, முன்னால் ஒரு முதுகு மறைக்கும். 14,338 என்று எண்ணப்படாமல் தப்பியவர்களில் நானும் ஒருத்தி.

தம்பி மகனே, இப்போது உனக்கு. உன் தலை உன்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். நீ தனியாகப் போகும்போது, ஃபிரெட் ஹில் மாதிரி விலையையும் நீயே கொடுக்கத் தயார் என்றால், உன்னோடு மில் பேசலாம். அப்போதும் ஒன்று சொல்வேன், நீ விழுந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரப் போவது நீ இல்லை. ஆனால் நீ தனியாகப் போகிற நாள் எத்தனை? காலையில் உன் மனைவி பின்னால், யு.கே.ஜி. படிக்கிற பேத்தி முன்னால் நின்றுகொண்டு. அந்த இடிந்த பாலத்தில் நீ தெரிந்தே ஏறுகிறாய், சரி. கூட ஏறும் இரண்டு பேரைக் கேட்டாயா? கேட்டிருந்தாலும் அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருக்கும்? நான் 2007ல் சொன்ன மாதிரி, 'எனக்கெதுக்குங்க' என்றுதான் சொல்லியிருக்கும். நாங்கள் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள். அது சுதந்திரம் இல்லை, பழக்கம்.

சட்டம் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. இந்தக் கதையிலேயே சட்டம் எத்தனை முறை வந்து படுத்துவிட்டது என்று பார்த்தோம். ஆனால் முன் சீட்டுக்காரர்கள் உரிமை பேசும்போது பின் சீட்டுக்காரருக்காகப் பேச ஒருவர் வேண்டும். வேறு யாரும் பேசாதபோது, அந்த 129வது பிரிவாவது பேசட்டும்.

கடைசியாக வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் எத்தனை தலை வண்டியில் போகிறது, எத்தனை ஹெல்மெட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, வார் ஒழுங்காகப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். கணக்கு இடித்தால் இந்த வாரமே சரிசெய்யுங்கள். என்னிடம் படித்தவர்கள் கமென்ட்டில் 'முடித்துவிட்டேன் டீச்சர்' என்று போட வேண்டும். நான் நோட்டு திருத்துவதை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ஹெல்மெட். என்னுடையதில் கொண்டை கொஞ்சம் இடிக்கிறது. அதனால் கொண்டையைக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்கிறேன். பூ வண்டியை விட்டு இறங்கிய பிறகு.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காட்டுப்பாக்கம்