கடலுக்கடியில் ஒரு மாதம்

கடலுக்கடியில் ஊர் அமைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

1963 இல் பிரான்ஸ் நாட்டவரான ஜாக் கூஸ்தோ, சூடான் கரையோரச் செங்கடலில் சுமார் 10 மீற்றர் ஆழத்தில் நட்சத்திர மீன் வடிவ வீடொன்றை இறக்கினார். ஐந்து பேர் ஒரு மாதம் அங்கு வாழ்ந்தார்கள். வீட்டின் அடிவாசல் திறந்தே இருந்தது. உள்ளேயிருந்த காற்றின் அழுத்தமே தண்ணீரை ஏறவிடாமல் தடுத்தது.

ஆனால் அந்தக் காற்றும் மின்சாரமும் மேலே நின்ற கப்பலிலிருந்தே வந்தன.

1965 இல் ஆறு பேர் சுமார் 100 மீற்றர் ஆழத்தில் மூன்று வாரம் தங்கினார்கள். அதன்பின் கூஸ்தோ புதிய கடல்வீடு கட்டவில்லை. கடலைப் பாதுகாக்கவே குரல் கொடுத்தார்.

கடலடி வீட்டுக்கும் மூச்சு மேலிருந்துதான். ஆகவே கரையைக் கடல் அரிக்கும்போது, போக வேறிடம் இருக்கிறது என்று சும்மா இருக்க முடியாது. இருக்கும் கரையைக் காப்போம்.