கொக்குப் பாட்டும் ராஜபார்ட்டும்: விஸ்வநாததாஸின் மேடை வாழ்வில் ஒரு தேதிச் சிக்கல்

தமிழ் நாடக மேடையின் அரசியலைப் பற்றி எழுதும் எவரும் சு. தியடோர் பாஸ்கரனைத் தாண்டிப் போக முடியாது. 1981-இல் க்ரியா வெளியிட்ட அவருடைய ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ அதுவரை வரலாற்றாசிரியர்கள் தீண்டாத நாடகக்காரர்களையும் பாட்டுப் புத்தகங்களையும் கிராமபோன் தட்டுகளையும் விடுதலைப் போராட்ட வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. அந்தக் கடனை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரை அவரோடு முரண்படுகிறது. முரண்பாடு இரண்டு இடங்களில். நாடகக்காரர்களை அரசியலுக்குள் தள்ளியது 1919 ஏப்ரல் 13-இல் நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலை என்று அவர் வரைந்த கோடு ஒன்று. பாடகரைச் செய்தி சுமப்பவராக மட்டும் பார்க்க வைக்கும் அந்த நூலின் தலைப்பு மற்றொன்று. இரண்டும் எங்கே இடறுகின்றன என்பதைக் காட்ட விஸ்வநாததாஸ் ஒருவர் போதும்.

1886-இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர் விஸ்வநாததாஸ். மருத்துவர் சமூகம். ராஜபார்ட். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் முருகன் வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் அதே வேடத்தில், மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. தென்மாவட்டங்களில் இன்றும் இந்த மரணக் கதை தெரியும். அந்த மரணத்துக்கு முந்தைய மேடை வாழ்வு தெரியாது. ‘தியாகி’ என்ற அடைமொழி பாடகரை விழுங்கிவிட்டது. பாஸ்கரனின் நூல் அதைத் தொடங்கிவைக்கவில்லை. ஆனால் அதற்கு ஆய்வு மரியாதை தந்தது.

முதலில் தேதி. விஸ்வநாததாஸ் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. காந்தி தூத்துக்குடிக்கு வருகிறார், கூட்டத்தில் விஸ்வநாததாஸ் பாடுகிறார், காந்தி பாராட்டுகிறார், அன்றிலிருந்து அவர் தேசியப் பாடகர். ஆண்டு 1911 என்று இருக்கும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்தாள்வது நம் வாழ்க்கை வரலாற்று எழுத்தின் பழைய நோய். 1911-இல் காந்தி இந்தியாவிலேயே இல்லை. டிரான்ஸ்வாலில், டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தார். தாயகம் திரும்பியது 1915 ஜனவரியில்.

அப்படியானால் நிகழ்ச்சியே கற்பனையா? பெரியவர்களின் வாழ்க்கையில் காந்தியை எப்படியாவது ஒருமுறை நுழைத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் அந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் எனக்கு வேறொரு விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. காந்தி தூத்துக்குடியில் பேசிய உறுதியான நாள் ஒன்று அவருடைய எழுத்துத் தொகுப்பில் இருக்கிறது: 1919 மார்ச் 28. ரௌலட் சட்ட எதிர்ப்புக்காகத் தஞ்சை, திருச்சி, மதுரை வழியாக அவர் வந்த சுற்றுப்பயணம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தமிழ் அச்சில் ஆண்டுகளைத் தமிழ் எண்ணில் போடுவது சாதாரணம். ௧௯௧௯ என்பதன் கடைசி எண்ணில் மை மங்கினாலோ, வால் தேய்ந்த அச்செழுத்து விழுந்தாலோ, படிப்பவர் கண்ணுக்கு அது ௧௯௧௧ ஆகிவிடும். ௯ என்பது ௧-இன் வாலை நீட்டிச் சுழித்தது போன்ற வடிவம்தானே. ஓரணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களின் அச்சைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். தூத்துக்குடி வட்டாரத்தின் நினைவில் தேசியம் என்றாலே அந்த ஆண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதை சொன்னவர் ஊரையும் உணர்ச்சியையும் சரியாக நினைவில் வைத்து, ஆண்டை மட்டும் அந்தப் பெரிய நிகழ்ச்சியிடம் கடன் வாங்கியிருக்கலாம். எண் பிழையா, நினைவுப் பிழையா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. எண் பிழையின் பக்கமே சாய்கிறேன்.

காந்தி 1927-இலும் 1934-இலும் தூத்துக்குடிக்கு வந்தார் என்று எதிர்க்கேள்வி எழும். ஆனால் கதையின் அமைப்பில் இந்தச் சந்திப்பு தொடக்கமாகவே வருகிறது. 1927-க்குள் விஸ்வநாததாஸ் மேடையிலிருந்தே கைதாகும் பாடகராகிவிட்டார். 1919 மட்டுமே அந்த இடத்தில் பொருந்தும்.

பொருந்தினால் அதன் விளைவு சிறியதல்ல. 1919 மார்ச் 28 என்பது ஜாலியன்வாலாபாக்குக்குப் பதினாறு நாள் முந்தையது. அமிர்தசரஸ் செய்தி தெற்கே வந்து சேர்வதற்கு முன்பே ஒரு ஸ்பெஷல் நாடக ராஜபார்ட் அரசியல் கூட்டத்தில் பாடத் தயாராக இருந்திருக்கிறார் என்றாகும். ஒரு தேதியை வைத்துப் பாஸ்கரனின் கோட்டையே தகர்த்துவிட்டதாக நான் சொல்லவில்லை. படுகொலைக்குப் பின் மேடையில் எழுந்த பாட்டு வெள்ளத்தை அவர் காட்டியது சரிதான். அந்த வெள்ளத்துக்கு முன்பே வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது என்பதுதான் என் வாதம். வெட்டியது அரசியல் அல்ல, நாடகத் தொழிலின் அமைப்பு.

இங்கேதான் பாஸ்கரனிடம் எனக்குள்ள இரண்டாவது முரண்பாடு வருகிறது. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’யும் விஸ்வநாததாஸின் மேடைப் பாட்டும் அந்த நூலில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டும் செய்தி சுமந்தவை, உண்மை. ஆனால் பாவலர் எழுதியது அரசியலையே கதையாகக் கொண்ட நாடகம். எழுதியவர், நடத்தியவர், குழு எல்லாம் ஒரே முடிவில் நின்றார்கள். விஸ்வநாததாஸ் நடித்ததோ சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து ஊர் ஊராக நடந்துவந்த புராண நாடகம். அரசியல் அதன் கதையில் இல்லை, பாடகரின் தொண்டையில் இருந்தது.

சிறுவர்களை நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனியில் இது நடக்காது. அங்கே வாத்தியார் சொன்ன பாட்டைத்தான் பையன் பாட வேண்டும். முதலாளிக்கு உரிமம் போய்விடும் என்ற பயம் இருக்கும். ஸ்பெஷல் நாடகத்துக்கு முதலாளி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, ஒரு ராத்திரிக்கு ஒரு ஊரில் சேர்க்கிறார்கள். ஒத்திகை இல்லை. கதை எல்லாருக்கும் மனப்பாடம். எந்த இடத்தில் எந்தப் பாட்டை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பது பாடுகிறவர் கையில். இந்தத் தளர்ச்சிதான் அரசியல் பாட்டு புகுந்த வாசல். மதுரை வட்டார ஸ்பெஷல் நாடகக்காரர்களைப் பற்றி சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பின் மிச்சம் இன்றும் இருப்பது தெரியும்.

அந்த வாசலில் நுழைந்தவற்றில் புகழ்பெற்றது கொக்குப் பாட்டு. மதுரை பாஸ்கரதாஸ் எழுதியதாக வழங்குவது. ஆங்கிலேயரை வெள்ளைக் கொக்காக்கியது. செய்தியாக மட்டும் பார்த்தால் இது ஒரு குறியீடு, அவ்வளவுதான். ‘வள்ளி திருமண’த்துக்குள் வைத்துப் பார்த்தால் வேறு கதை. வள்ளி தினைப்புனம் காக்கிறாள். பறவை விரட்டும் ஆலோலம் அந்தக் காட்சியின் உயிர். விளைந்த கதிரைத் தின்ன வரும் பறவை அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அதை விரட்டும் மரபும் இருக்கிறது. புதிதாக வந்தது நிறம் மட்டும். பார்வையாளர் நாடகத்தை விட்டு வெளியே வர வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரர் பாடு திண்டாட்டம்: 1876-இன் நாடக நிகழ்ச்சிச் சட்டம் நாடகத்தைத் தடுக்க வகைசெய்தது, முருகன் கொக்கைப் பாடினால் எந்த நாடகத்தைத் தடுப்பது? வேடத்தோடு மேடையிலேயே பாடகரைக் கைதுசெய்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அமெரிக்க சோல் பாடகர்களை இங்கே நினைப்பது பொருத்தம். சாம் குக் 1957 வரை சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் தேவாலயப் பாட்டுப் பாடியவர். 1964-இல் வெளிவந்த அவருடைய உரிமைப் பாட்டில் அந்தத் தேவாலயத்தின் மூச்சு அப்படியே இருந்தது. அவரைச் செய்தி சுமந்தவர் என்று மட்டும் எழுதினால் இசை வரலாற்றாசிரியர்கள் சிரிப்பார்கள். விஸ்வநாததாஸுக்கு நாம் அதைத்தான் செய்திருக்கிறோம்.

வாசல் திறந்த அதே அமைப்பு அவரைக் குத்தவும் செய்தது. தனித்தனி ஒப்பந்தம் என்பதால் எந்த நடிகையும் ‘இவரோடு நடிக்க மாட்டேன்’ என்று சொல்லலாம். அவருடைய சாதியைக் காரணம் காட்டி ஸ்திரீபார்ட்டுகள் சிலர் மறுத்ததை வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. தியாக வரலாறுகள் இதைச் சமூகக் கொடுமை என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. ஜோடி அமையாத ராத்திரியில் ராஜபார்ட்டுக்குக் கூலி இல்லை; அவருடைய பிற்காலக் கடனின் ஒரு வேர் இதில் இருக்கலாம்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு மறுபக்கத்தில் பம்மல் சம்பந்த முதலியார் இருக்கிறார். 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் பொழுதுபோக்காக நடித்த இடம். பாட்டைக் குறைத்து வசனத்தை வளர்த்தது. சத்தியமூர்த்தி அங்கே நடித்தார், பின்பு நாடகக்காரர்களைக் காங்கிரசுக்கு இழுத்தார். தமிழ் நாடகத்தின் ‘சீர்திருத்தம்’ என்று பாடநூல்கள் சொல்வது இந்தக் கோட்டைத்தான். பாட்டைக் குறைத்த அந்த மேடையில் கொக்குப் பாட்டுக்கு இடமே இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேதிச் சிக்கலுக்குத் திரும்பினால், கைதான விஸ்வநாததாஸுக்காக வ.உ.சி. வாதாடிய வழக்கு ஒன்றின் காலத்தையும் இங்கே தொட்டாக வேண்டும். வ.உ.சி. சிறையிலிருந்து வந்தது 1912 டிசம்பரில். பறிபோன வழக்கறிஞர் உரிமை அதற்குப் பல ஆண்டு கழித்தே, நீதிபதி வாலஸ் உதவியால் திரும்பியது. ஆகவே வழக்கு 1920-களுக்கு உரியது. 1911-ஐத் தொடக்கமாகக் கொண்டால் இடையில் விளக்கமில்லாத பத்தாண்டுப் பள்ளம் விழுகிறது. 1919-ஐக் கொண்டால் வரிசை இயல்பாக அமைகிறது.

கடைசி ஆண்டின் தேதியும் தெளிவாக இல்லை. திருமங்கலம் வீடு கடனில் ஏலத்துக்கு வந்தது, போர்ப் பிரச்சாரத்துக்குப் பாடினால் கடனை அடைப்பதாக ஆளுநர் எர்ஸ்கின் தரப்பு சொன்னது, அவர் மறுத்துவிட்டுச் சென்னை நாடகங்களுக்கு ஒப்புக்கொண்டார் என்பது வழங்கும் கதை. போர் தொடங்கியது 1939 செப்டம்பர். எர்ஸ்கின் பதவி விட்டது 1940 மார்ச். பெயர் சரியென்றால் பேரம் இந்த ஏழு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அப்படியானால் மறுத்ததற்கும் ராயல் தியேட்டர் நாடகத்துக்கும் இடையில் ஒன்பது மாதமாவது கடன் நின்றிருக்கிறது. பேரம் அடுத்த ஆளுநர் ஆர்தர் ஹோப் காலத்தில் நடந்து, பழைய ஆளுநர் பெயரே கதையில் தங்கிவிட்டது என்றால் இடைவெளி சுருங்கும். இதைத் தீர்க்கத் தியாகிகள் மலர்கள் உதவா. திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்தின் அந்த ஆண்டு அடமானப் பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும்.