சுறா ஈரலும் வெயிலும்

திற்பரப்பில் அருவியாக விழும் கோதையாறு குழித்துறை வழியே சென்று தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகிறது. அக்கழிமுகத்தை அடுத்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் சுறாவேட்டைக்குப் பெயர்பெற்றவர்கள். ஆழ்கடல் வீரம் பற்றி நம் எழுத்தில் நிறைய உண்டு. சுறாவின் ஈரல் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை.

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயின்மீது படையெடுத்தபின், அங்கிருந்து வந்துகொண்டிருந்த காட் மீனெண்ணெய் நின்றுபோயிற்று. திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்க முனைந்தன. குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. தமிழகத்தோடு இணைந்தது 1956இல்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சுறா எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி, டி சொற்பம். காட் எண்ணெய்க்கு நிகராக வேண்டுமெனில் டியைத் தனியே சேர்க்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு என்பதே 1922இல் மெக்காலம் குழுவினர் காட்டிய உண்மை: காற்றூட்டிச் சூடாக்கி ஏ சத்தை அழித்த பின்னும் காட் எண்ணெய் எலிகளின் எலும்பு நோயைக் குணப்படுத்தியது. ஆயினும் 'மீனெண்ணெய்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்துவிட்டோம். 1947இல் ஏ செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. பின்னர் சுறா எண்ணெயின் தேவை தேய்ந்தது.

இன்று அதே குழப்பம் 'டி மாத்திரை' என்ற பெயரில் வருகிறது. எலும்புக்கான சத்து, உடலின் அழற்சியையெல்லாம் தணிக்கும் மருந்தாகப் பேசப்படுகிறது. அடிப்படையற்ற பேச்சல்ல, நோயெதிர்ப்பு அணுக்களிலும் டிக்கான ஏற்பிகள் உண்டு. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வில் பாதிப்பேருக்கு நாள்தோறும் 2,000 அலகு தந்தார்கள். சுமார் 5 ஆண்டுகளில் முடக்குவாதம், சொரியாசிஸ் முதலிய தன்னெதிர்ப்பு நோய்கள் டி உண்டவர்களில் 123 பேருக்கும், போலி மாத்திரை உண்டவர்களில் 155 பேருக்கும் வந்தன (2022). 22 விழுக்காடு குறைவு என்றால் பெரிதாகத் தோன்றும்; ஏறத்தாழ 13 ஆயிரம் பேரில் 32 பேர் குறைவு என்பதே கணக்கு. அதே ஆய்வில் மாரடைப்பும் புற்றுநோயும் குறையவில்லை என 2018இலேயே வெளிவந்துவிட்டது. மேலும் அது நோய் வராமல் தடுப்பதைப் பற்றியது. வந்துவிட்ட மூட்டு அழற்சியைத் தீர்ப்பதைப் பற்றியதன்று.

வெயில் கொட்டும் நம் நாட்டிலும் டி குறைபாடு பரவலாக உண்டு. குறைந்தவர்களுக்கு மாத்திரை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மூட்டு வலிக்கு 60,000 அலகு மாத்திரையை, வாரம் ஒன்றென, இரத்தம் சோதிக்காமலே மாதக்கணக்கில் விழுங்குபவர்களை அறிவேன். டி கொழுப்பில் கரைவது, உடலில் தங்குவது. மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, சிறுநீரகத்தைத்தான் முதலில் பதம்பார்க்கும்.